நர்சம்மாவின் அபிப்பிராயம்

புதூர்நாட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தபோது பிலோமினாளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் வாந்திபேதியில் புருஷன் போனான். கைக்குழந்தையும் அதே வாரம் போயிற்று. அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அண்ணி பெருமூச்சு விடும்போதெல்லாம் அது தன்னை வைத்துத்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. வேலூருக்குப் போய்ப் பிரசவம் பார்க்கவும் மருந்து கலக்கவும் படித்தாள். மலைக்குப் போக ஆள் வேண்டும் என்று மிஷன் பாதிரிச் சாமியார் கேட்டபோது வேறு யாரும் முன்வரவில்லை. ஜவ்வாது மலைக் காய்ச்சல் என்றால் கீழ்நாட்டில் அப்படி ஒரு பயம்.

ஆஸ்பத்திரி என்பது பேருக்குத்தான். நாட்டு ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு மருந்து அலமாரி, படுக்க வைக்கக் கயிற்றுக் கட்டில்கள். டாக்டர் கிடையாது. மாதம் ஒருமுறை சாமியார் மலையேறி வந்து மருந்துப் பெட்டியை இறக்கி, பூசை வைத்து, திரும்பிவிடுவார். மற்றபடி எல்லாமே அவள்தான். காய்ச்சல், சொறி, கரடி பிறாண்டியது, அரிவாள் வெட்டு, பிரசவம். கூப்பிட்டால் ஓடை தாண்டி, மேடு ஏறிப் போக வேண்டும். அவளைக் கேட்டால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பாள். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அந்தத் தெம்பு அவளிடம் இல்லை.

நாவல் படிக்கும் பழக்கம் வேலூர் ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் நோயாளிகள் கலைந்த பிறகு வெளிச்சத்துக்காக வாசற்படியில் உட்கார்ந்து படிப்பாள். அவளுக்குப் பிடித்தவை துப்பறியும் கதைகள். அட்டை போனவை, முதல் பக்கம் போனவை, எதுவானாலும் சரி. கடைசிப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

அப்படித்தான் ஜெபதுரை பழக்கமானார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் காட்டிலாகாவின் சந்தனக்கட்டைக் கிடங்கில் அவர் கணக்கெழுதும் ரைட்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை, ஒரே மகளை ராணிப்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார். கூலியாட்களின் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்க வந்தவர், மருந்து மேஜைமேல் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"இது நான் படிச்சதுங்க. கடைசியில கொலை செஞ்சது யாருன்னா..."

"சொல்லாதீங்க, ரைட்டரய்யா" என்றாள் பிலோமினாள். "இன்னிக்குப் பொழுதுல எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி இருக்கு."

அவர் புத்தகத்தை மெதுவாக வைத்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது தன் பெட்டியிலிருந்து இரண்டு நாவல்களைக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு மருந்து வாங்க அவரேதான் வந்தார். ஆளை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. வாசலில் கிடந்த பெஞ்சின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் கட்டுத்துணிகளைச் சுருட்டியபடி அவள். போன தடவை மாற்றிக்கொண்ட நாவலைப் பற்றிப் பேசுவார்கள். இருவருக்கும் அபிப்பிராயம் ஒத்துப்போனதே இல்லை. அவருக்கு அழவைக்கும் கதைகள்தான் வேண்டும். நல்லவர்கள் கஷ்டப்பட வேண்டும், யாராவது யாருக்காகவாவது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அவளுடைய துப்பறியும் கதைகளை அவர் விளையாட்டுச் சாமான் என்றார். படித்த பெண், தினமும் சாவைப் பார்க்கிறவள், இதையா படிப்பது என்று ஒருநாள் வருத்தத்தோடு கேட்டார்.

"தினம் பாக்குறேன், அதான்" என்றாள். "இங்க காய்ச்சல்ல போனவங்களுக்கு யாரு காரணம்னு சொல்லுங்க பாக்கலாம். இந்தக் கதையில கடைசியில எவனாச்சும் ஒருத்தன் மாட்டிக்கிறான். புத்தகத்தை மூடிட்டுக் கஞ்சி குடிக்கப் போகலாம்."

அவர்கள் அதிகமாக வாதாடியது ஒரு தடித்த நாவலைப் பற்றி. அதில் கதாநாயகனுக்குக் காசநோய். காதலிக்குத் தெரிந்தால் அவள் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வாள் என்று நோயை மறைத்து, மனம் மாறிவிட்டதாகப் பொய் சொல்லி, தூரத்து ஊருக்குப் போய்த் தனியே சாகிறான். ஜெபதுரை அதைப் படித்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். இவ்வளவு உயர்ந்த மனம் உலகத்தில் உண்டா என்று கேட்டார். பிலோமினாள் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே, அந்தத் தூரத்து ஊரில் அவன் படுக்கைத் துணியை யார் துவைத்தார்கள் என்று கேட்டாள். அந்த ஊரிலும் யாரோ ஒரு பெண்பிள்ளை எச்சில் கிண்ணம் எடுத்திருப்பாள். எழுதினவர் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்றாள். அவர் எழுந்து போனார். அடுத்த முறை வந்தபோதும் கொஞ்ச நேரம் முகம் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

இந்தப் பேச்சு ஊர்க்கண்ணில் படாமல் போகுமா? மலைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் உபதேசியார் சகாயம்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. விதவைப் பெண், ரைட்டரோ வேறு கிறிஸ்தவச் சபைக்காரர், இருவர் கையிலும் காதல் கதைப் புத்தகம். நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் ஆஸ்பத்திரியை மூடவேண்டி வருமே என்று பயந்தார். சாமியார் காதில் போட்டார். சாமியார் பிலோமினாளைத் திட்டவில்லை. வெயிலில் மலையேறி வந்த களைப்போடு, மருந்துக்கு ஆள் வரட்டும், ரைட்டர் வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் சரி என்றாள். எதிர்த்துப் பேச அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இரவெல்லாம் ஒரு பிரசவத்தில் விழித்திருந்தவள்.

அதற்குப் பிறகு மருந்து கொண்டுபோனவள் பாஞ்சாலை. மலைக்காரப் பெண், பிறந்த ஊர் நெல்லிவாசல்நாடு, வாழ்க்கைப்பட்டது புதூர்நாடு. புளியும் சாமையும் தலையில் சுமந்து இரண்டு பக்கமும் நடப்பவள். மருந்துப் பொட்டலத்தோடு புத்தகமும் போயிற்று. புத்தகத்தோடு அபிப்பிராயமும் போக வேண்டுமே. எழுதி அனுப்பினால் யார் கையிலாவது சிக்கும். வாயால் சொல்லியனுப்புவது என்று முடிவாயிற்று.

பாஞ்சாலை அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். "இன்னா ஏதுன்னு புரியாத பேச்சைத் தூக்கினு நடக்க முடியாதும்மா. வழியிலயே வுழுந்துடும். கதையைச் சொல்லிட்டு அப்பறம் உங்க பேச்சைச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே பிலோமினாள் ஒவ்வொரு நாவலையும் அவளுக்குக் கதையாகச் சொன்னாள். கடைசியில் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். பாஞ்சாலை சுமையை ஏற்றிக்கொண்டு போவாள். அடுத்த வாரம் ரைட்டரின் பதிலோடு வருவாள். அவள் குரலில் கேட்டாலும் அது ஜெபதுரையின் பேச்சுத்தான் என்று தெரியும். ஐயோ பாவம் என்பார், எழுதினவர் மனசைப் பிழிந்துவிட்டார் என்பார். வருஷக்கணக்கில் இது இப்படியே நடந்தது.

யுத்தம் வந்தது. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்று சாமியார் செய்தி கொண்டுவந்தார். எங்கேயோ இருக்கிற ஜாவா போனால் நமக்கென்ன என்று பிலோமினாள் நினைத்தாள். கொய்னா அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மருந்துப் பெட்டி மாதாமாதம் லேசாகிக்கொண்டே வந்தது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில், மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு என்று கீழேயிருந்து உத்தரவு. மிச்சம் இருக்கவில்லை. நெல்லிவாசலுக்குப் பொட்டலம் போவது நின்றது. புத்தகம் மட்டும் போயிற்று.

அந்த வருஷம் மழை நின்றதும் காய்ச்சல் ஊர் ஊராக ஏறியது. பிலோமினாள் தானும் ஒரு சுற்று படுத்து எழுந்தாள். யாருக்கு இல்லை என்று சொல்வது என்பதுதான் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக இருந்தது. தோளில் கிழவனைச் சுமந்துகொண்டு வந்த மகனிடம் இல்லை என்று சொல்லி, நிலவேம்புக் கஷாயம் ஊற்றிக்கொடுத்து அனுப்புவாள். அவர்கள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நம்பிக்கையோடு குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில்தான் ரைட்டரின் அபிப்பிராயங்கள் மாறின. ஜமீன் பங்களாவில் விஷம் வைத்த கதை ஒன்றை அனுப்பியிருந்தாள். போலீஸ்காரன் முதலில் சமையற்காரியைத்தான் விசாரித்திருக்க வேண்டும், வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும் என்று பதில் வந்தது. பிலோமினாளுக்கு ஆச்சரியம். நாவலில் சமையற்காரி இருப்பதையே அவர் கவனித்ததில்லை. அடுத்தது, காதலன் வருவான் என்று ஜன்னலோரம் வருஷக்கணக்காகக் காத்திருந்த பெண்ணின் கதை. அதற்கு வந்த பதில்: அத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்டது யார், அந்த மனுஷனைப் பற்றி ஒரு கதை எழுதலாம்.

பிலோமினாள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை வேறு பக்கம் பார்த்தாள்.

"இதை ரைட்டரா சொன்னாரு?"

பாஞ்சாலை தலைச்சுமையை இறக்கி வைத்தாள். உட்கார்ந்தாள். "அவரு ஒண்ணும் சொல்லலம்மா. அவரு ஜுரத்துல படுத்துனு கீறாரு. நாந்தான் சொன்னேன்."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஜெபதுரைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். கிடங்கு வேலையாட்கள் பாதிப் பேர் ஊருக்கு ஓடிவிட்டார்கள். நர்சம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று பாஞ்சாலையிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் அவள் இருக்கிற மருந்தைத் தூக்கிக்கொண்டு வருவாள், அது பிள்ளைகளுடைய மருந்து என்றாராம். பாஞ்சாலை போகிறபோதெல்லாம் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அபிப்பிராயம் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினால் நர்சம்மா சந்தேகப்படுவாளே என்று, வழி நடக்கும்போதே தானே ஒன்றை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பிலோமினாளுக்குக் கோபம்தான் வந்தது. பாஞ்சாலைமேல் அல்ல.

அன்றைக்குக் கட்டிலில் மங்கம்மாள் என்ற கர்ப்பிணி காய்ச்சலோடு கிடந்தாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை முழுசாக எடுத்து வைத்து, வேளை தவறாமல் கொடுக்கும்படி அவள் மாமியாருக்கு இரண்டு முறை சொன்னாள். வந்திருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தாள். பிறகு புட்டியில் மீதியிருந்ததை எடுத்துக்கொண்டாள். ஒரு ஆளுக்குப் போதாதுதான். சகாயத்திடம் போய், நெல்லிவாசலுக்குப் போகிறேன், நாளைக்கு வந்துவிடுவேன் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பாஞ்சாலை முன்னே நடந்தாள். மலைக்காரிக்கு ஈடுகொடுத்து நடக்க பிலோமினாளால் முடியவில்லை. மூங்கில் காட்டுக்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது கால் தன்னுடையதல்லாதது போல் இருந்தது.

கிடங்கை ஒட்டிய குடிசையில் ஜெபதுரை சுருண்டு கிடந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளோடி, ஆள் பாதியாகியிருந்தார். அவளைப் பார்த்ததும் பாஞ்சாலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருந்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எனக்கு வேணாங்க. புள்ளைங்களுக்கு வைங்க."

"வச்சிட்டுத்தான் வந்தேன். எதை யாருக்குக் கொடுக்கறதுங்கறது என் வேலை, ரைட்டரய்யா. அதை நீங்க ஏன் எடுத்துக்கிட்டீங்க?"

"உங்களுக்குத் தெரியாம இருந்தா நிம்மதியா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"செத்த பிறகு தெரிஞ்சா அது நிம்மதியா?" அவள் குரல் உயரவில்லை. உயர்த்த மூச்சு இல்லை. "அந்தக் காசநோய்க் கதையில அவன் செஞ்சது உங்களுக்குப் பெருசா பட்டுச்சு. அவன் செத்தான், கதை முடிஞ்சிடுச்சு. எனக்கு அப்பிடி முடியாது. நீங்க போய்ட்டாலும் மறுநா காலையில நான் ஆஸ்பத்திரி தொறக்கணும். வாயைத் தெறங்க."

அவர் வாயைத் திறந்தார். கசப்பில் முகம் சுளித்து, கண்ணை மூடிக்கொண்டார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பாஞ்சாலை சாமைக் கஞ்சி காய்ச்சி எழுப்பிய பிறகுதான் விழித்தாள். மறுநாள் காலை, எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்று பாஞ்சாலைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சகாயம் நின்றுகொண்டிருந்தார். மங்கம்மாளுக்கு நாள் ஆகும் முன்பே வலி கண்டு, குழந்தை செத்துப் பிறந்திருந்தது. பக்கத்து ஊர்க் கிழவி வந்து பார்த்திருந்தாள். தாய் பிழைத்துக்கொண்டாள். அந்தக் காய்ச்சலுக்கு அப்படி ஆவது வழக்கம்தான். தான் கூடவே இருந்திருந்தாலும் வேறு மாதிரி ஆகியிருக்காது என்று பிலோமினாளுக்குத் தெரியும். அது தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை. மங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேம்மா போயிருந்தீங்க என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். குறையாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த மாதம் சாமியார் வந்தபோது எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. பிலோமினாளே முந்திக்கொண்டு, தன்னைக் கீழே மாற்றிவிடுங்கள் சாமி, கொஞ்ச நாள் தூங்கவாவது செய்வேன் என்றாள். வேறு யாரும் மேலே வரச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த மாதம் மருந்துப் பெட்டியோடு ஒரு சாய்வு நாற்காலியும் தலைச்சுமையாக வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரைட்டரைப் பற்றியும் அதன்பிறகு சொல்லவில்லை.

ஜெபதுரை தேறினார். பழைய உடம்பு திரும்பவில்லை. அடுத்த வருஷம் கொய்னாவுக்குப் பதிலாகச் சர்க்காரின் மஞ்சள் மாத்திரை வந்தது. தின்றவர்கள் தோலெல்லாம் மஞ்சளாகி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ரைட்டரைக் காட்டிலாகா திருப்பத்தூருக்கு மாற்றியது. போகுமுன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை புத்தகம் எடுத்துவரவில்லை. சபை வேறாக இருப்பதைத் தான் பேசிச் சரிசெய்துகொள்வதாகவும், அவளுக்குச் சம்மதமானால் இருவரும் ஒரே வீட்டில் இருந்து படிக்கலாம் என்றும், வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

பிலோமினாள் மங்கம்மாளின் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

"நீங்க மறைச்சதுக்கு உங்களைத் திட்டினேன். நானும் இதை மறைச்சுத்தான் வச்சிருந்தேன். உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

அவர், அப்போ நம்ம விஷயம், என்று மெல்லக் கேட்டார்.

"கோபமும் இல்ல, பயமும் இல்லங்க. இன்னொரு வூட்டுக்குப் போய் அடுப்பு பத்தவைக்க எனக்குத் தெம்பு இல்ல. இருந்தா வந்திருப்பேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சொன்னபடி அனுப்பவும் செய்தார். திருப்பத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுபோகும் பாஞ்சாலை புத்தகத்தை வாங்கிவந்தாள். அவருடைய அபிப்பிராயத்தை முதலில் சொல்லுவாள். பிறகு, இது நான் சொல்றது என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தன்னுடையதைச் சொல்லுவாள். பிலோமினாளின் பதில் அடுத்த சந்தைக்குக் கீழே போகும்.

யுத்தம் முடிந்த வருஷம் அவர் அனுப்பிய நாவலில் கதாநாயகியே ஒரு நர்ஸ். வெள்ளைச் சேலை, மெல்லிய குரல், நோயாளிகள் அவள் முகத்தைப் பார்த்தே பிழைத்துக்கொள்கிறார்கள். ரைட்டர் இதைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டாராம், உங்களை நினைத்துக்கொண்டாராம் என்றாள் பாஞ்சாலை. பிலோமினாள் சாய்வு நாற்காலியில், வெந்நீர்ச் சட்டியில் காலை வைத்துக்கொண்டு படித்தாள். பாதியில் கண் செருகிற்று. விழித்து மறுபடி படித்தாள். பாஞ்சாலை எதிரில் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்லட்டும்மா அவருக்கு?"

பிலோமினாள் யோசித்தாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கான்னு சொல்லு. ஒரு எடத்துல கூட அவ உக்காரவே இல்ல, அதையும் சொல்லு."

பாஞ்சாலை அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மேட்டுத் தெருவிலிருந்து யாரோ ஆள் வருகிற சத்தம் கேட்டது. பிலோமினாள் புத்தகத்தை மூடி, காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.